இக்கெம் கைமாறிய கதை: ஒரு குடும்பத் தோட்டம் குடும்பத்தைவிட்டுப் போவது எப்படி?

1996 நவம்பரில் எல்விஎம்எச் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லூயி வித்தோன் கைப்பை, மோயே ஷாம்பெயின், ஹென்னசி கோன்யாக் எல்லாம் விற்கும் அதே நிறுவனம்தான். பிரான்சின் தென்மேற்கே இருக்கும் ஷாத்தோ திகெம் என்ற ஒயின் தோட்டத்தின் பங்குகளில் 55 சதவீதத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னது. அந்தத் தோட்டத்தை 28 ஆண்டுகளாக நடத்திவந்தவர் அலெக்சாந்தர் த லூர்-சாலூஸ். அவர் விற்பனையை ஏற்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். விற்றவர்களில் முக்கியமானவர் அவருடைய சொந்த அண்ணன் யூஜின்.

1785 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த தோட்டம் அது. அதை நடத்துகிறவருக்கே சம்மதமில்லாமல் எப்படி விற்க முடிந்தது? பிரான்சில் பழைய ஒயின் தோட்டம் எது கைமாறினாலும் இதே கேள்வி எழும், "வாரிசுகளுக்குப் பேராசை" என்ற பதிலும் கூடவே வரும். பேராசை எல்லா நாட்டிலும் உண்டு, அதை வைத்து எதையும் விளக்கிவிட முடியாது. இக்கெம் கதையில் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டால் போதும், மற்றது தானாக விளங்கும். ஒன்று, அங்கே திராட்சையில் வளரும் ஒரு பூஞ்சை. இன்னொன்று, நெப்போலியன் காலத்து வாரிசுச் சட்டம்.

முதலில் மூன்று சொற்கள்

1. ஷாத்தோ: நேர்ப்பொருள் கோட்டை அல்லது மாளிகை. போர்தோ வட்டாரத்தில் இது ஒயின் தோட்டத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. நிலம், பீப்பாய்க் கிடங்கு, பெயர் எல்லாம் சேர்ந்தது ஷாத்தோ. மாளிகையே இல்லாத ஷாத்தோக்களும் உண்டு. "திகெம்" என்பது "இக்கெமின்" என்று பொருள்படும் வடிவம். இனி இக்கெம் என்றே சொல்வோம்.

2. சோத்தேர்ன்: போர்தோ நகருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஊர், அதைச் சுற்றிய வட்டாரம், அங்கே செய்யும் இனிப்பு வெள்ளை ஒயின் மூன்றுக்கும் இதுவே பெயர்.

3. விளைச்சல் ஆண்டு: புட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ஆண்டு. பழம் பறித்த ஆண்டுதான் அது, புட்டியில் அடைத்த ஆண்டோ விற்ற ஆண்டோ அல்ல. பறிப்புக்கும் விற்பனைக்கும் நடுவே இக்கெமில் பல ஆண்டுகள் ஓடிவிடும். பின்னால் வரும் பணக் கணக்குக்கு இது முக்கியம்.

அழுகலில் பிறக்கும் ஒயின்

சோத்தேர்ன் பக்கம் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. சிரோன் சின்ன ஆறு. காட்டு நிழலில் ஓடிவருவதால் தண்ணீர் சில்லென்று இருக்கும். கரோன் பெரியது, அதன் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பானது. இலையுதிர்காலத்தில் இரண்டும் கலக்கும் இடத்தில் விடியற்காலையில் பனிமூட்டம் எழும்பித் தோட்டங்களின் மேல் படியும். மதியத்துக்குள் வெயில் வந்து அதை விரட்டிவிடும். இந்த ஈரமும் வெயிலும் மாறிமாறி வருவதில்தான் போட்ரைட்டிஸ் சினேரியா என்ற பூஞ்சை பிழைக்கிறது.

பூஞ்சை திராட்சைத் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடுகிறது. அவற்றின் வழியே உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகிறது. சர்க்கரையும் புளிப்பும் உள்ளேயே தங்கிச் செறிகின்றன. பறிக்கும்போது சாற்றில் லிட்டருக்கு 300 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்கும். நொதித்து முடிந்த பிறகும் அதில் ஒரு பெரும்பகுதி மிச்சமிருக்கும், ஒயினின் இனிப்பு அதுதான். இந்த அழுகலுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் "உன்னத அழுகல்". பனி விலகாமல் மழையும் சேர்ந்துகொண்டால் அதே பூஞ்சை வெறும் சாம்பல் அழுகலாகிவிடும், குலையைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சிக்கல் இதோடு முடியவில்லை. ஒரே குலையில் எல்லாப் பழமும் ஒரே நேரத்தில் அழுகாது. ஒரு குலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் சில பழங்கள் பொன்னிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். அது தொடக்கம். சில முழுக்கக் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியிருக்கும். அது பாதி வழி. சில பழங்கள் உலர்ந்து சுருங்கி, மேலே சாம்பல் தூவியதுபோல் கிடக்கும். இந்தக் கடைசி நிலைக்குப் பறிக்கிறவர்கள் சொல்லும் பெயர் "ரோத்தி", அதாவது வறுத்தது. அது மட்டும்தான் வேண்டும். பறிக்கிறவர் சின்னக் கத்தரிக்கோலால் அந்தப் பழங்களை மட்டும் நறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு மிச்சக் குலையைக் கொடியிலேயே விட்டுவிடுவார். சில நாள் கழித்து அதே கொடிக்குத் திரும்பி வருவார். ஒரு பருவத்தில் இப்படி ஐந்தாறு சுற்று நடப்பது சாதாரணம். பருவமே நவம்பர் வரை இழுத்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். இக்கெமில் ஒயினுக்கென விளைச்சல் எடுக்கும் நிலம் ஏறக்குறைய 100 ஹெக்டேர், அதாவது 250 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பெரும்பகுதி செமியோன் திராட்சை, மீதி சோவிஞ்ஞோன். ஹெக்டேருக்குச் சராசரியாகச் சுமார் 900 லிட்டர் ஒயின் கிடைக்கிறது. 1,200 புட்டி. போர்தோவில் சாதாரணச் சிவப்பு ஒயின் தோட்டம் ஒன்று அதே நிலத்தில் இதைப்போல் நான்கைந்து மடங்கு எடுத்துவிடும். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்று இக்கெமைப் பற்றிச் சொல்வது வழக்கம். மிகை இல்லை.

அப்படி எடுத்ததும் உடனே காசாவதில்லை. புதிய ஓக் பீப்பாயில் அது ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டும். அலெக்சாந்தர் காலத்தில் மூன்று ஆண்டுக்கும் மேல் கிடந்தது. பறிப்புக் கூலி இன்று, வரவு நான்கு ஆண்டு கழித்து.

அப்புறம், சில ஆண்டுகளில் ஒயினே கிடையாது. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992, 2012 ஆகிய ஆண்டுகளின் பெயரில் இக்கெம் புட்டி ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டுகளில் பழம் இருந்தது, தரம் இல்லை. பெயர் போட மாட்டோம் என்று முடிவெடுத்து, இருந்ததை வியாபாரிகளுக்குப் பெயரில்லாத ஒயினாகத் தள்ளிவிட்டார்கள். இந்தத் தோட்டத்தின் மதிப்பே இந்த "மாட்டோம்"-இல்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்ல ஒரே ஓர் ஆள் வேண்டும், அவருக்குப் பின்னால் பொறுமையான பணமும் வேண்டும். நாற்பது பேர் உட்கார்ந்து வாக்கெடுத்தால் அந்தச் சொல் வாயிலிருந்து வராது.

சோவாஜ் குடும்பம், ஓர் இளம் விதவை, ஒரு பட்டியல்

இந்த நிலம் நடுக்காலத்தில் இங்கிலாந்து அரசருடையது. அக்கித்தேன் வட்டாரத்தின் வாரிசான எலியனோர் 1152-இல் ஹென்றி பிளாண்டாஜனே என்பவரை மணந்தார். பிறகு அவர் இங்கிலாந்து அரசரானார். அதன் பின் மூன்று நூற்றாண்டுகள் போர்தோ ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1453-இல் பிரெஞ்சு அரசரிடம் திரும்பியது. 1593-இல் ழாக் சோவாஜ் என்ற உள்ளூர் மேட்டுக்குடிக்காரர் இக்கெமின் அனுபவ உரிமையைப் பெற்றார். முழு உரிமை குடும்பத்துக்கு வர 1711 ஆனது.

1785-இல் அந்தக் குடும்பத்தின் பெண் பிரான்சுவாஸ்-ஜோசஃபின், லூயி-அமெதே த லூர்-சாலூஸ் என்ற படை அதிகாரியை மணந்தார். மணப்பெண்ணுக்கு 17 வயது. பெண் வழியாகத்தான் தோட்டம் லூர்-சாலூஸ் பெயருக்கு வந்தது. அந்தக் காலத்திலேயே இக்கெமுக்கு வெளிநாட்டில் பெயர் இருந்தது. பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1787 டிசம்பரில் கடிதம் எழுதி, 1784-ஆம் ஆண்டு ஒயினில் 250 புட்டி கேட்டார். 1790-இல் அதிபர் வாஷிங்டனுக்காக 30 டஜனும் தனக்காக 10 டஜனும் வரவழைத்தார்.

திருமணமாகி மூன்றே ஆண்டில் கணவர் இறந்துபோனார். விதவைக்கு வயது 20. அடுத்த ஆண்டு புரட்சி வெடித்தது. பிரபுக்களின் நிலம் பறிபோய்க்கொண்டிருந்தது. அவர் இருமுறை சிறைக்குப் போனார். தோட்டம் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. பிறகு 1826-இல் தனிப் பீப்பாய்க் கிடங்கு கட்டினார். அன்றைக்கு அது துணிச்சலான செலவு. 1851-இல் இறக்கும்வரை, அறுபது ஆண்டுக்கும் மேலாக அவர்தான் அந்த வீட்டின் முடிவு. இக்கெமின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆண்களின் பட்டங்களை அடுக்குவார்கள், ஆனால் தோட்டத்தை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் இந்தப் பெண்தான்.

அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து 1855-இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொள்ள, போர்தோவின் ஒயின் தரகர்கள் தோட்டங்களை விலை அடிப்படையில் வரிசைப்படுத்தினார்கள். சோத்தேர்ன் பட்டியலில் முதல் தரத்துக்கும் மேலே "உயர் முதல் தரம்" என்று ஒரு படி போட்டு, அதில் ஒரே ஒரு பெயரை வைத்தார்கள். இக்கெம். 1859-இல் ரஷ்யப் பேரரசரின் தம்பி கான்ஸ்டன்டின் 1847-ஆம் ஆண்டு ஒயினில் 900 லிட்டருக்கு 20,000 தங்க பிராங்க் கொடுத்தார். ஒரு ஹெக்டேர் நிலம் ஓராண்டில் தருகிற அளவு அது.

சட்டம் என்ன சொல்கிறது

புரட்சிக்கு முன்னால் பிரபுக் குடும்பங்களில் மூத்த மகனுக்கே பெரும்பங்கு. தம்பிகள் படைக்கோ திருச்சபைக்கோ போவார்கள், நிலம் துண்டாகாது. புரட்சி அதை ஒழித்தது. 1804-இல் வந்த நெப்போலியனின் உரிமையியல் சட்டத்தொகுப்பு அதை நிரந்தரமாக்கியது. பிள்ளைகள் எல்லோரும் சமம், மகனும் சரி மகளும் சரி. புதுச்சேரியில் இந்தச் சட்டம் கேள்விப்படாத ஒன்றல்ல. 1881-க்குப் பிறகு அதை விரும்பி ஏற்றுக்கொண்ட "ரெனோன்சான்" குடும்பங்களின் சொத்து விவகாரம் இதன்படிதான் நடந்தது.

முக்கியமான விதிகள் மூன்று:

1. உயிலுக்கு எல்லை உண்டு. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று பங்கு. மிச்சத்தை மட்டும்தான் இஷ்டப்படி எழுதிவைக்கலாம். "தோட்டத்தை நன்றாக நடத்தும் இரண்டாவது மகளுக்கே முழுக்கவும்" என்று எழுதினால் மற்றப் பிள்ளைகள் தங்கள் பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2. கூட்டு உரிமையில் யாரையும் கட்டிவைக்க முடியாது. தகப்பன் இறந்ததும் பிள்ளைகள் கூட்டுப் பட்டாக்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். அதில் ஒருவர் "எனக்குப் பிரித்துக் கொடு" என்றால் பிரித்தே ஆக வேண்டும், அல்லது விற்றுக் காசைப் பங்கிட வேண்டும்.

3. வாரிசு வரி தனி. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தச் சட்டம் நியாயமானது. மகளுக்கும் சமபங்கு என்று 1804-இலேயே சொன்ன சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒயின் தோட்டத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பர்கண்டி வட்டாரத்தில் அது நிலத்தையே நறுக்கிவிட்டது. துறவிகளின் தோட்டமாக இருந்த குளோ த வூஜோ சுமார் 50 ஹெக்டேர்தான், ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது. புரட்சியில் பறிமுதலாகி விலைபோனது. இன்று அதற்கு ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். ஒருவர் பேரில் நாலு வரிசைக் கொடி, அடுத்தவர் பேரில் ஆறு வரிசை.

போர்தோ வேறு வழி கண்டுபிடித்தது. இங்கே விற்பனை ஆவது தோட்டத்தின் பெயர். பெயரை நறுக்கினால் இரண்டு பாதிக்கும் மதிப்பில்லை. அதனால் நிலத்தை விட்டுவிட்டு உரிமைக் காகிதத்தைப் பிரித்தார்கள். தோட்டத்தை ஒரு நிறுவனமாகப் பதிவு செய்து, பிள்ளைகளுக்குப் பங்குகளைக் கொடுப்பது. ஷாத்தோ லத்தூரின் வாரிசுகள் 1842-இலேயே இதைச் செய்தார்கள். தோட்டம் ஒன்றாகவே இருந்தது. ஆனால் பங்குக்காரர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். 1963-இல் பெரும்பான்மைப் பங்கு பியர்சன் என்ற ஆங்கிலக் குழுமத்துக்குப் போயிற்று.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் உரிமையாளருக்கு மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு மும்மூன்று. அடுத்த தலைமுறைக்கும் மும்மூன்று. மூன்றாம் தலைமுறையில் 27 பேர், ஆளுக்கு நூறில் நாலு பங்குகூட இல்லை. இவர்களில் ஒருவர் தோட்டத்தில் இருப்பார். மற்றவர்கள் பாரிசில் வக்கீலாகவோ லியோனில் ஆசிரியராகவோ இருப்பார்கள். தோட்டத்தில் இருப்பவர் இந்த ஆண்டு ஒயின் இல்லை என்கிறார். மற்ற 26 பேருக்கும் அந்த ஆண்டு லாபப் பங்கு வராது. ஆனால் அவர்கள் பெட்டியில் இருக்கும் காகிதத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது, விற்றால்தான் அது காசு. இந்த நிலையில் ஒருவர் விற்க நினைப்பதைப் பேராசை என்று சொல்லிவிட முடியுமா? தமிழில் தகப்பன் வழி உறவுக்காரரைப் "பங்காளி" என்கிறோம். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் இங்கே ஒன்றாக நிற்கிறது.

1968 முதல் 1999 வரை

19-ஆம் நூற்றாண்டில் லூர்-சாலூஸ் குடும்பத்துக்கு இந்த நெருக்கடி அவ்வளவாகத் தெரியவில்லை. காரணம், அவர்களிடம் தோட்டங்கள் நிறைய இருந்தன. இக்கெம் தவிர ஃபார்க், ஃபிலோ, கூத்தே, மால் என்று சோத்தேர்ன் பக்கத்தின் பெயர்பெற்ற இடங்கள் பலவும் கல்யாண உறவுகளால் அவர்கள் கையில் சேர்ந்திருந்தன. ஒரு கிளைக்கு ஒரு தோட்டம் என்று கொடுக்க இடம் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் கூத்தே விலைபோனது. மற்றவை கிளைகளோடு பிரிந்துபோயின.

முதல் உலகப் போருக்குப் பிறகு இக்கெமை நடத்த வந்தவர் பெர்த்ராண் த லூர்-சாலூஸ். அரை நூற்றாண்டு அவர் கையில்தான் இருந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை. 1968-இல் அவர் இறந்தபோது பங்குகள் சகோதரர் மகன்களுக்குப் போயின. மிகப் பெரிய பங்கு மூத்தவர் யூஜினுக்கு. நிர்வாகம் இளையவர் அலெக்சாந்தருக்கு. அவருடைய சொந்தப் பங்கோ சின்னது. மீதிப் பங்குகள் உறவினர் பலரிடம் சிதறிக் கிடந்தன. 28 ஆண்டு கழித்து வெடித்த சண்டைக்கான வித்து இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது. உரிமை ஒருவரிடம், உழைப்பும் புகழும் இன்னொருவரிடம்.

அலெக்சாந்தர் வந்த நேரம் கெட்ட நேரம். இனிப்பு ஒயினுக்கு வாங்குவோர் குறைந்திருந்தார்கள். 1972-இல் ஒயின் இல்லை, 1974-இல் இல்லை. 1973-இல் போர்தோ ஒயின் சந்தையே சரிந்தது. அவர் தரத்தில் கைவைக்கவில்லை. 1980-களில் நல்ல விளைச்சல்கள் வந்தன, விலையும் ஏறியது. அந்த வெற்றியே அவருக்கு எதிராகத் திரும்பியது. பங்கின் மதிப்பு வானத்துக்குப் போனதும் அதை வாங்க ஆள் வந்தது.

எல்விஎம்எச் தலைவர் பெர்னார் அர்னோ, யூஜினிடமும் உறவினர்களிடமும் தனித்தனியாகப் பேசிப் பங்குகளைச் சேர்த்தார். அலெக்சாந்தர் வழக்குப் போட்டார். மூன்று ஆண்டுக்குள் இரு பக்கமும் களைத்துப் போனார்கள். 1999-இல் சமரசம் வந்தது. எல்விஎம்எச் உரிமையாளர், அலெக்சாந்தர் நிர்வாகியாகத் தொடர்வார் என்று முடிவாயிற்று. 214 ஆண்டுக் குடும்ப உரிமை அப்படி முடிந்தது. 2004-இல் 70 வயதில் அவர் விலகினார். அந்த இடத்துக்கு ஷாத்தோ செவால் பிளாங்கை நடத்திவந்த பியேர் லூர்த்தோன் வந்தார்.

வரி எங்கே கடிக்கிறது

இக்கெமில் சண்டை பங்குகளால் வந்தது. இன்றைக்குப் பல குடும்பங்களில் அதற்கு முன்பே வரி வந்து நிற்கிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் சொத்தில் ஒரு லட்சம் யூரோ வரை வரி கிடையாது. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 18 லட்சம் யூரோவைத் தாண்டிய பகுதிக்கு 45 சதவீதம். பெயர்பெற்ற தோட்டத்துக்கு 18 லட்சம் என்பது தூசு. பர்கண்டியின் உயர்தர நிலம் ஒரு ஹெக்டேரே அதைவிடப் பல மடங்கு விலை போகும்.

பிரச்சினை விகிதத்தில் மட்டும் இல்லை, மதிப்பிடும் முறையிலும் இருக்கிறது. வரி சந்தை விலைக்குப் போடப்படுகிறது. சந்தை விலையை முடிவு செய்வது யார்? பக்கத்துத் தோட்டத்தை வாங்கிய கோடீஸ்வரர். 2014-இல் எல்விஎம்எச் பர்கண்டியில் குளோ தே லாம்ப்ரே என்ற தோட்டத்தை வாங்கியது. 2017-இல் மொமெசன் குடும்பம் 85 ஆண்டுகள் வைத்திருந்த குளோ த தார் என்ற தோட்டத்தைக் கோடீஸ்வரர் பினோவின் நிறுவனத்துக்கு விற்றது. வெறும் ஏழரை ஹெக்டேர், 1141 முதல் எண்ணினாலும் அதற்கு இவர் நான்காவது உரிமையாளர்தான். இப்படி ஒரு விற்பனை நடந்தால் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் நிலமும் காகிதத்தில் அந்த விலைக்கு ஏறிவிடுகிறது. அவர்கள் விற்கும் ஒயின் ஒரு புட்டிகூடக் கூடவில்லை, பிள்ளைகள் கட்ட வேண்டிய வரி மட்டும் கூடிவிட்டது.

தப்பிக்கச் சட்டத்திலேயே வழிகள் இருக்கின்றன:

1. துத்ரேய் ஒப்பந்தம். இதைக் கொண்டுவந்த அமைச்சரின் பெயரில் வழங்குகிறது. குடும்பத்தார் பங்குகளைக் குறிப்பிட்ட ஆண்டுகள் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒருவர் நிர்வாகத்தில் இருந்தால், மதிப்பில் 75 சதவீதத்துக்கு வரி இல்லை. பத்துக் கோடி யூரோ தோட்டம் இரண்டரைக் கோடியாகக் கணக்கிடப்படும். அப்படியும் ஒரே வாரிசு என்றால் ஒரு கோடிக்கு மேல் வரி வரும்.

2. உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுப்பது. சொத்துரிமையைப் பிள்ளைக்கு மாற்றிவிட்டு, ஆயுள்கால அனுபவ உரிமையைப் பெற்றோர் வைத்துக்கொள்வார்கள். கொடுக்கிறவருக்கு 61 முதல் 70 வயதுக்குள் என்றால் சொத்தின் மதிப்பில் 60 சதவீதத்துக்கு மட்டும் வரி. வயது குறையக் குறைய வரியும் குறையும்.

3. 1970-இல் சட்டமாக வந்த விவசாய நிலக் குழுமம். நிலம் குழுமத்தின் பேரில், குடும்பத்தார் பங்குதாரர்கள். மற்றவர்கள் சம்மதிக்காமல் வெளியாள் உள்ளே வர முடியாதபடி விதி எழுதலாம்.

மூன்றுமே முன்கூட்டித் திட்டமிடுகிறவர்களுக்குத்தான் உதவும். ஐம்பது வயதில் தன் சாவைப் பற்றி நோட்டரி முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும், பிள்ளைகளையும் உட்காரவைக்க வேண்டும். அதை எல்லாக் குடும்பமும் செய்வதில்லை.

கைவிடாதவர்கள்

எல்லோரும் விற்கவில்லை. பார்ட்டன் குடும்பம் ஷாத்தோ லாங்கோவாவை 1821 முதல் வைத்திருக்கிறது. ரோத்ஷில்டுகள் ஷாத்தோ மூத்தோனை 1853-இலும் ஷாத்தோ லஃபீத்தை 1868-இலும் வாங்கினார்கள், இன்றும் அவர்களுடையதுதான். ரோத்ஷில்டுகளுக்கு வங்கிப் பணம் இருந்தது. பங்கு கேட்டவருக்குக் காசு கொடுத்து அனுப்ப முடிந்தது. தோட்டத்தை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. "குடும்பத் தோட்டம்" என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவது அதனால்தான் சரியில்லை.

இக்கெமின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. 2012-இல் மழை பருவத்தைக் கெடுத்தது. அந்த ஆண்டு இக்கெம் இல்லை என்று லூர்த்தோன் அறிவித்தார். குடும்பம் போனால் இந்தக் கண்டிப்பும் போய்விடும் என்று 1996-இல் பயந்தவர்கள் பலர். நிறுவனத்தின் மற்ற வருமானத்துக்கு முன்னால் ஓர் ஆண்டு இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. அதே முடிவை 1972-இலும் 1974-இலும் எடுத்த அலெக்சாந்தருக்கு அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

அவர் இக்கெமை விட்டதும் ஃபார்க்குக்குப் போனார். 1472-இல் ஒரு திருமணத்தின் வழியாக லூர் குடும்பத்துக்கு வந்த இடம் அது. கோட்டை 1687-இல் தீப்பிடித்து எரிந்தது, சுவர்கள் மட்டும் மிச்சம். பெர்த்ராண் காலத்தில்தான் அங்கே இனிப்பு ஒயினுக்கான கொடிகளை நட்டார்கள். அதன் முதல் விளைச்சல் ஆண்டு 1943. அதே பூஞ்சை, அதே மாதிரி சுற்றுச் சுற்றாகப் பறிப்பு, பீப்பாயில் அதே காத்திருப்பு. நிலம் சின்னது, பெயரும் சின்னது. 2023 ஜூலையில் அலெக்சாந்தர் இறந்தார். ஃபார்க்கை இப்போது அவருடைய மகன் ஃபிலிப் நடத்துகிறார். அங்கிருந்து இக்கெம் சில கிலோமீட்டர் தூரம்தான்.